டேட்டா வேணுமா சார்?

சென்னை ரிச்சி தெருவுல எங்க கடை சின்னது. முன்னாடி ஒரு கவுன்டர், உள்ள ரெண்டு டேபிள், பரண்ல செத்துப்போன மதர்போர்டுங்க, அவ்ளோதான். 18 வருஷமா லேப்டாப் சர்வீஸ் பண்றேன். இத்தனை வருஷத்துல என் மனசை விட்டுப் போகாத ஒரு வேலையப் பத்திதான் எழுதப் போறேன், அது நான் செஞ்ச வேலைகூட இல்ல, நான் இல்லாத நேரத்துல கடையில நடந்தது, ஆனா கடை என்னுது, அதனால அதுவும் என்னுதுதான்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை. ஒரு பெரியவர் பழைய லேப்டாப்பை துணிப்பையில சுத்தி எடுத்துட்டு வந்திருக்கார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், சைதாப்பேட்டை, 66 வயசு. ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்லயே நிக்குது. நான் அப்ப நரசிங்கபுரம் தெருவுல ஒரு டிஸ்ப்ளே வாங்கப் போயிருந்தேன், கடையில வேலை பாக்கற பையன் மட்டும்தான். விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு, புதுசா ஓஎஸ் போடணும்னு கண்டுபிடிச்சிட்டான், சரியாதான் கண்டுபிடிச்சான், அப்புறம் இந்தத் தெருவுல தினம் நூறு தடவை காதுல விழற அதே கேள்விய கேட்டான்.

"டேட்டா வேணுமா சார்?"

"வேணாம்ப்பா, வீட்ல வைஃபை இருக்கு."

பையன் ஜாப் கார்டுல 'டேட்டா வேண்டாம்'னு எழுதி சார்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டான். ஹார்டு டிஸ்க்ல இருந்த பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சு, ஃபார்மட் போட்டு, புது விண்டோஸ் ஏத்தி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுத்து அனுப்பிட்டான்.

புதன்கிழமை சார் திரும்ப வந்தார். கோவமா வரல. "தம்பி, இப்ப நல்லா வேகமா இருக்கு, என் ஃபோல்டரை மட்டும் காணோம், எங்க எடுத்து வச்சிருக்கீங்க"ன்னு கேட்டார். ரிப்பேருக்குக் குடுத்த பீரோவுல இருந்த துணிமணிய ஆசாரி ஓரமா எடுத்து வச்சிருப்பார்ல, அந்த மாதிரி நாங்களும் எங்கயோ பத்திரமா வச்சிருக்கோம்னு நெனச்சிருக்கார். ஜாப் கார்டை எடுத்துப் பாத்தேன், கையெழுத்தைப் பாத்தேன், பையனைப் பாத்தேன். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அந்த ஃபோல்டர்ல என்ன இருந்துச்சுன்னா, செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துல அவங்க அம்மா பாடுன தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி. 2009-ல ஒரு வாய்ஸ் ரிக்கார்டர் வாங்கி லீவுக்குப் போறப்பல்லாம் உக்காந்து பதிவு பண்ணி, மொத்தம் 43 பாட்டு. அம்மா 2013-ல தவறிட்டாங்க. கூடவே அந்தப் பாட்டுங்களைப் பத்தி இவர் 11 வருஷமா டைப் பண்ணி வச்ச கட்டுரைங்க.

இதுல யாரு மேல தப்பு? பையன் கேக்காம செய்யல. சார் தெரியாம கையெழுத்து போடல, அவருக்குத் தெரிஞ்ச அர்த்தத்துக்குத்தான் போட்டார். டேட்டான்னா நம்ம ஊர்ல என்ன? தினம் ஒண்ணரை ஜிபி, ரெண்டு ஜிபின்னு ரீசார்ஜ் பண்றோமே அதுதான் டேட்டா. டீக்கடையில நின்னு பத்து பேரைக் கேட்டா ஒன்பது பேரு அதைத்தான் சொல்லுவாங்க. நாங்க கவுன்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு அதே வார்த்தைய வேற அர்த்தத்துல 18 வருஷமா கேட்டுட்டு இருந்திருக்கோம், ஒரு தடவைகூட எனக்கு உறைக்கல.

அன்னிக்கே ரெக்கவரிக்கு உக்காந்தேன். இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா சாருக்கும் இதை விளக்க வேண்டியிருந்துச்சு, அந்த விளக்கத்துலதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. சும்மா ஃபார்மட் போட்ட உடனே ஹார்டு டிஸ்க்ல இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடாது, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்கற அட்டவணைதான் போகுது, புஸ்தகத்துல பொருளடக்கத்தைக் கிழிச்சுட்டா பாடம் உள்ளயே இருக்கற மாதிரி. அதுக்கு மேல புதுசா எதையாவது எழுதுனாத்தான் பழசு நெஜமாவே போகும். எங்க கடையில என்ன ஆச்சு, மேலயே புது விண்டோஸ் ஏறிடுச்சு, சார் வீட்டுக்குப் போனப்புறம் மூணு நாள் அப்டேட் வேற ஓடியிருக்கு. எஸ்எஸ்டின்னு இப்ப வர்ற புது வகை டிரைவா இருந்திருந்தா ஒண்ணுமே கெடச்சிருக்காது, அதுல பழைய இடத்தை டிரைவே காலி பண்ணி வச்சிடும். நல்லவேளை பழைய ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் ஆரம்பத்துல ஒரு அடையாளம் இருக்கும், சாஃப்ட்வேர் அதை வச்சு டிஸ்க் பூரா தேடி எடுக்கும், ஆனா பேர் எதுவும் வராது, வெறும் நம்பர்தான்.

ரெண்டு நாள் ஓட விட்டேன். 43 பாட்டுல 17 முழுசா வந்துச்சு. 9 பாதியில அறுந்து போச்சு. மீதி இல்ல.

வெள்ளிக்கிழமை சாரை வரச்சொல்லி கட்டுரை ஃபைலைத் தொறந்து காட்டுனேன். ஸ்கிரீன் பூரா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் கமாவும் கண்டபடி கொட்டிக் கெடக்கு. சார் மூஞ்சி செத்துடுச்சு. "இதுவும் போயிடுச்சா தம்பி"ன்னார். எனக்கு அதைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு, பாமினி. எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல பாமினி, வானவில்னு ஆளுக்கு ஒரு ஃபான்ட்ல டைப் பண்ணிட்டு இருந்தோம்ல, தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டது 2010-லதான், சார் மாதிரி ஆளுங்க அதுக்கப்புறமும் பழகுன ஃபான்டை விடல. அந்த ஃபான்ட்ல உள்ள சேவ் ஆகறது இங்கிலீஷ் எழுத்துதான், அது மேல தமிழ் உருவத்தைப் போர்த்தி காட்டும். ஃபார்மட்ல ஃபான்ட் போயிடுச்சு, போர்வை இல்ல, அவ்ளோதான். பாமினிய இன்ஸ்டால் பண்ணி ஃபைலைத் திரும்பத் தொறந்தேன். பக்கம் பூரா தமிழ்.

சார் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் கேட்டார், "அப்ப உள்ள இருக்கறது வேற, கண்ணுக்குத் தெரியற வடிவம் வேறயா?" ஆமா சார்னேன். "இதைத்தானே நாங்க ஒலி வடிவம், வரி வடிவம்னு ஆறாம் கிளாஸ் பசங்களுக்கு நடத்துவோம். ஒண்ணுதான் எழுத்து, எழுதற உருவம் காலத்துக்குக் காலம் மாறும், வட்டெழுத்துல எழுதுனாலும் அ அதான்"னார்.

நான் அப்படியே நின்னுட்டேன். கண்ணுக்குத் தெரியற ஃபான்ட் வேற, உள்ள சேவ் ஆகற என்கோடிங் வேறன்னு எங்க தெருவுலயே பல சர்வீஸ் பசங்களுக்கு புரிய வைக்க முடியாம நான் தவிச்சிருக்கேன், இவர் அஞ்சு நிமிஷத்துல தன் பாடத்துல வச்சு புடிச்சிட்டார். இவருக்குப் புத்தி இல்லாம இல்ல, கம்ப்யூட்டர் வாங்கி 15 வருஷத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, உக்காந்து சொல்லல. விக்கறவன் ஆன் பண்ண ஆஃப் பண்ண சொல்லிக்குடுத்தான், பேரன் யூடியூப் போட சொல்லிக்குடுத்தான், நாங்க ஃபார்மட் போட்டுக் குடுத்தோம்.

இதை ஓஎம்ஆர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கற என் ஸ்கூல் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். அவன் சொல்றது, "டேய் ஜனங்க ஏன்டா இதெல்லாம் கத்துக்கணும், ஃபேன் சுவிட்ச் போடறவன் மோட்டார் எப்படி சுத்துதுன்னா கத்துக்கறான், எங்கள மாதிரி ஆளுங்க ஒழுங்கா டிசைன் பண்ணா யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்." அவன் சொல்றதுல பாதி நெஜம், அதை நான் ஒத்துக்கறேன். யூபிஐ-ல கலெக்ட் ரிக்வெஸ்ட்னு ஒண்ணு இருந்துச்சு, யாரோ ஒருத்தன் உங்களுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பி, 'பணம் வரப்போகுது பின் போடுங்க'ன்னு போன்ல சொல்லி, போட்ட உடனே உங்க பணம் அவனுக்குப் போயிடும். எத்தனையோ வருஷம் 'ஏமாறாதீர்கள்'னு எஸ்எம்எஸ் அனுப்பிட்டே இருந்தாங்க, கடைசியில 2025 அக்டோபர் 1-லேர்ந்து ஆளுக்கு ஆள் அப்படி ரிக்வெஸ்ட் அனுப்பற வசதியவே, யூபிஐய நடத்தற என்பிசிஐ எடுத்துட்டாங்க. நல்ல காரியம், முன்னாடியே செஞ்சிருக்கணும். மெஷினை சரி பண்ண முடியற இடத்துல மனுஷனைத் திட்டக்கூடாது.

ஆனா ஃபேன் கதை எனக்கு ஒத்துக்கல. ஃபேன் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு என் பேங்க் பணத்தை எடுத்துக் குடுக்காது. ஃபேனுக்குள்ள எங்க அம்மா பாட்டு இல்ல.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் இருக்கா? சென்னையில ரெண்டு தெருவுக்கு ஒண்ணு இருந்துச்சு. எங்க அக்கா காலையில ஆறு மணி பேட்ச்சுக்குப் போவா, மாசக்கணக்கா ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் தட்டுவா, ரிப்பன் எப்படி மாத்தறது, கேரேஜ் சிக்குனா என்ன பண்றதுன்னு மெஷினைத் தொட்டுப் பழகிட்டுதான் லோயர் எழுதுனா, அப்புறம் ஹையர், கவர்மென்ட் நடத்தற பரீட்சை, கவர்மென்ட் குடுக்கற சர்டிபிகேட். அந்த மெஷின் அதிகபட்சம் என்ன கெடுதல் பண்ணிடும், ஒரு பேப்பர் வீணாகும். அதுக்கு அவ்ளோ முறையா பயிற்சி இருந்த ஊர்ல, சம்பளம், பென்ஷன், ஆதார், நெலப் பத்திரம், புள்ள குட்டி போட்டோன்னு வாழ்க்கையே உள்ள இருக்கற மெஷினைக் கையில குடுத்துட்டு, நீயா பாத்துக்கோன்னு விட்டுட்டோம்.

விட்டதோட இல்ல, பொறுப்பையும் தலையில வச்சிட்டோம். 2017 ஜூலைல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. பேங்க் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல, நடுவுல எங்கயோ ஓட்டைன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள புகார் குடுத்தா உங்களுக்கு நஷ்டம் கெடையாதுன்னு அதுல இருந்துச்சு. நல்ல விதிதான். ஆனா நீங்க உங்க பின்னையோ ஓடிபியையோ யார்கிட்டயாவது சொல்லி, அதாவது உங்க அஜாக்கிரதையால போச்சுன்னா, நீங்க பேங்க்ல சொல்ற வரைக்கும் போனது மொத்தமும் உங்க தலையிலதான்னும் அதுலயே இருந்துச்சு. அஜாக்கிரதைன்னு எப்ப சொல்லலாம்? தெரிஞ்சிருந்தும் கவனிக்காம விட்டாத்தானே? ஓடிபின்னா என்னன்னே சொல்லாத ஆளுகிட்ட போய் நீ அஜாக்கிரதையா இருந்தன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்னு எனக்குத் தெரியல.

பயிற்சியே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2017-ல மத்திய அரசு கம்ப்யூட்டர், போன் பழக்கற பிஎம்ஜிதிஷான்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, 6 கோடி கிராமத்துக் குடும்பம், வீட்டுக்கு ஒருத்தர், 20 மணி நேரப் பாடம். ஆனா வயசு 14-லேர்ந்து 60 வரைக்கும், அதுவும் கிராமத்துக்கு மட்டும், 2024 மார்ச்சோட அதுவும் முடிஞ்சு போச்சு. எங்க சார் சைதாப்பேட்டை, வயசு 66, ரெண்டு பக்கமும் கதவு மூடியாச்சு. சென்னையில இருக்கறவனுக்கு எல்லாம் தெரியும்னு யாரு சொன்னா? பேங்க் ஏடிஎம் வாசல்ல பென்ஷன் நாள் அன்னிக்கு போய் நில்லுங்க, "தம்பி கொஞ்சம் எடுத்துக் குடுப்பா"ன்னு முன்ன பின்ன தெரியாதவன் கையில கார்டைக் குடுத்து பின்னையும் வாயால சொல்ற பாட்டிங்களைப் பாக்கலாம், ராயபுரத்துலயும் பாக்கலாம் மயிலாப்பூர்லயும் பாக்கலாம்.

அந்தக் காலத்துல கடுதாசி வந்தா தபால்காரரே உக்காந்து படிச்சு சொல்லிட்டுப் போவாருன்னு எங்க பாட்டி சொல்லும். நல்ல மனுஷங்கதான், ஆனா நம்ம வீட்டு சாவு, கடன், சண்டை எல்லாம் நமக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். இப்ப அந்த இடத்துல மொபைல் கடைப் பையன் இருக்கான், பேரன் இருக்கான், நான் இருக்கேன். எத்தனை பேரோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்னு நெனச்சா எனக்கே பயமா இருக்கு. லேப்டாப் பைக்குள்ள பேப்பர்ல எழுதி வச்சுக் குடுத்துட்டுப் போறாங்க.

சாருக்கு நடந்ததுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில, தெரு பூரா ஷட்டர் எறங்கி இருக்கும்ல, எங்க ஷட்டரை மட்டும் பாதி தூக்கி வச்சு கிளாஸ் மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சேன். காசு கெடையாது. மொத ஆளு சார்தான், அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்கி நடந்து வந்துடுவார். ரெண்டாவது ஆளு சிந்தாதிரிப்பேட்டையில தள்ளுவண்டியில இட்லி விக்கற அக்கா. இப்ப எட்டு ஒன்பது பேரு வர்றாங்க.

மொத வாரம் நான் பண்ண தப்பு, எந்த பட்டனை அமுக்கணும்னு சொல்லிக்குடுத்தேன். அடுத்த வாரம் வாட்ஸ்அப் அப்டேட் ஆகி பட்டன் எடம் மாறிடுச்சு, நான் சொன்னது அத்தனையும் வீண். 'ஓடிபி சொல்லாதீங்க', 'லிங்க்கை தொடாதீங்க'ன்னு நாம சொல்றோமே அதுவும் இந்த மாதிரிதான், போன வருஷத் திருடனுக்குத்தான் அது பூட்டு. 'இன்னிக்கு ராத்திரி 9.30 மணிக்கு உங்க கரண்ட் கட் ஆகும்'னு மெசேஜ் வந்த காலத்துல யாரும் ஓடிபியே கேக்கல, ஒரு ஸ்கிரீன் ஷேர் ஆப்பை ஏத்தச் சொன்னான், அவ்ளோதான். இப்ப கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வருது, தெரிஞ்ச ஆளோட நம்பர்லேர்ந்தே வருது, பேருக்குக் கடைசியில பாத்தா ஏபிகேன்னு இருக்கும். அது படம் இல்ல, ஆப். ஏத்தி, கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு குடுத்துட்டா உங்க எஸ்எம்எஸ் எல்லாத்தையும் அது படிக்கும், ஓடிபி உட்பட, நீங்க யாருக்கும் சொல்லவே வேணாம்.

அதனால இப்ப மூணு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பேசறோம், இது எங்க இருக்கு, எதிர்ல யாரு, போச்சுன்னா திரும்பக் கெடைக்குமா. ஏபிகே வந்த அன்னிக்கு ஃபைல் பேரோட வால் என்னன்னு மட்டும் ஒரு மணி நேரம் பேசுனோம், ஜேபிஜின்னா படம், பிடிஎஃப்னா காகிதம் மாதிரி, எம்பி3-ன்னா சத்தம், ஏபிகேன்னா உள்ள வந்து வேலை செய்யற ஆளு. "பத்திரிகை குடுக்க வந்தவன் ஏன் வீட்டுக்குள்ள வேலைக்கு சேரணும்?"னு ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன் கேட்டார். அவர்கிட்ட இனிமே எந்தப் பேர்ல அது வந்தாலும் நடக்காது.

இட்லி அக்காவுக்கு நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கலன்னுதான் சொல்லணும். பணம் போட்டுட்டேன்னு போன்ல டிக் மார்க் காட்டிட்டுப் போற பசங்களை அவங்க விடறதே இல்ல. ஏன்க்கா, அவன் ஸ்கிரீன்லதான் சக்சஸ்னு காட்டுதேன்னு சும்மா கேட்டுப் பாத்தேன். "அவன் போன்ல தெரியறது அவன் போன்ல இருக்கறது தம்பி. எனக்கு வந்துச்சான்னு என் பொட்டிதான் சொல்லணும்"னு சவுண்ட் பாக்ஸைத் தட்டுனாங்க. இதை விட சுருக்கமா என்னால சொல்ல முடியாது. ஒரே காரியத்தைப் பத்தி ரெண்டு மெஷின் ரெண்டு விதமா சொன்னா எதை நம்பணும்னு அவங்க தள்ளுவண்டியில நின்னு தானா கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்களுக்குப் புரியாதது பின் மட்டும்தான், பணம் வர்றதுக்கும் அதைப் போடணும்னு நெனச்சிட்டு இருந்தாங்க. உண்டியல்னு சொன்னேன், காசு உள்ள விழறதுக்கு ஓட்டை போதும், வெளிய எடுக்கத்தான் சாவி. அடுத்த வாரம் அவங்க இன்னும் ரெண்டு கடைக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்து, எனக்கு முன்னாடி அவங்களே உண்டியல் கதையை சொல்லி முடிச்சிட்டாங்க.

1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல எழுதப் படிக்கக் கத்துக்குடுக்கற அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுக்க ஏற்பாடு பண்ணாங்க. கல் உடைக்கறவங்க, வயல் வேலை செய்யறவங்க, ஆயிரக்கணக்குல சைக்கிள் ஏறுனாங்க. இன்னொருத்தர் கேரியர்ல உக்காந்து போனா போதாதான்னு அப்பவும் யாராவது கேட்டிருப்பாங்க. அதைச் செஞ்ச ஊருதானே இது, தெருத்தெருவா தொண்டர்களை வச்சு எழுத்து கத்துக்குடுத்த ஊரு. சென்னையில வார்டுக்கு ஒரு எடம், கார்ப்பரேஷன் ஸ்கூல் சனி ஞாயிறு சும்மாதான் கெடக்குது, நூலகம் இருக்கு. சொல்லிக்குடுக்க ஆளா இல்ல? ரிச்சி தெருவுலயே நூத்துக்கணக்குல பசங்க இருக்கோம். அரசாங்கம் ஒரு பாடத்திட்டம் போட்டு, தமிழ்ல, புரியற தமிழ்ல, 'அமைப்புகள்'னு எழுதிட்டு ஜனங்க செட்டிங்ஸ்னு தேடற மாதிரி இல்லாம, நடத்துனா நான் மொத ஆளா வந்து நிப்பேன். எல்லாரும் புரோகிராம் எழுதணும்னு நான் கேக்கல. தன் பொருள் எங்க இருக்குன்னு தெரியாம ஒருத்தர் கையெழுத்து போடற நெலைமை இருக்கக் கூடாதுன்னுதான் கேக்கறேன்.

எங்க கடையில இப்ப ஜாப் கார்டை மாத்திட்டோம். டேட்டாங்கற வார்த்தையே அதுல இல்ல. 'இதுக்குள்ள நீங்க வச்சிருக்கற போட்டோ, பாட்டு, எழுத்து எல்லாம் அழிஞ்சு போனா பரவாயில்லையா?'ன்னு இருக்கு, பையன் அதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும். இது வந்ததுலேர்ந்து, வேணாம்னு சொல்ல வாயெடுத்துட்டு நிறுத்திட்டு "ஒரு நிமிஷம் இருங்க, வீட்ல கேட்டுக்கறேன்"னு போன் பண்றவங்க எத்தனையோ பேரு.

போன ஞாயிறு பேக்கப் பத்திப் பேசுனோம், ஒரே பொருள் ரெண்டு வீட்டுல இருக்கணும்னு. சார் ரெண்டு பென் டிரைவ் வாங்கிட்டு வந்திருந்தார், 17 பாட்டையும் அவரே, நான் தொடாம, ரெண்டுலயும் காப்பி பண்ணார், ஒவ்வொண்ணையும் அந்த பென் டிரைவ்லேர்ந்தே போட்டுக் கேட்டு சரி பாத்தார். கடையில எல்லாரும் வேலைய விட்டுட்டு அந்தப் பாட்டியோட தாலாட்டைக் கேட்டுட்டு இருந்தோம், பையன் மட்டும் வெளிய போய் நின்னுட்டான். சார் அவனைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டார்.

ஒரு பென் டிரைவ் சைதாப்பேட்டையிலயே இருக்கும். இன்னொண்ணு செய்யாறுல தங்கச்சி வீட்டுக்கு. போனதுல சில பாட்டு தங்கச்சிக்கு இன்னும் ஞாபகம் இருக்காம், பொங்கல் லீவுக்கு ரிக்கார்டரை எடுத்துட்டுப் போறார்.